அச்சுத் துணியின் இறுதிப் பக்குவம்

துணியின்மீது வர்ணம் ஏறுவது ஒரு காரியம். ஏறிய வர்ணம் நிலைத்திருப்பது மற்றொரு காரியம். முன்னதை யந்திரம் செய்துவிடுகிறது. பின்னதை நாம்தான் செய்யவேண்டும். திருப்பூர் வட்டாரத்தில் இங்க்ஜெட் அச்சு பரவியுள்ள இந்நாளில், யந்திரத்தின் விலையையும் வேகத்தையும் பற்றிப் பேசுவோர் பலர். அச்சுக்குப் பிந்திய பக்குவத்தைப் பற்றி விசாரிப்போர் சிலரே. ஆனால் சரக்கு திரும்பி வருவது பெரும்பாலும் இப்பக்குவத்தில் நேரும் குறையினால்தான். ஆகவே அங்கத்தினர்கள் இதனைச் சற்று விரிவாக அறிந்துகொள்வது நலம்.

இதே இனத்தைச் சேர்ந்த அகன்ற யந்திரங்களில் விளம்பரப் படங்களும் கண்காட்சிப் படங்களும் அச்சாகின்றன. அவற்றின்மேல் வார்னிஷ் பூசுவது வழக்கம். மை முற்றிலும் உலருமுன் வார்னிஷ் பூசினால், உள்ளே சிக்கிய ஈரம் வெளியேற வழியின்றிப் படம் மங்கும். பூச்சும் நாளடைவில் உரியும். கெட்டியாக ஒருமுறை பூசுவதைவிட மெல்லியதாக இருமுறை பூசுவதே சிறப்பு. துணிக்கு வார்னிஷ் கிடையாது. அதன் ஸ்தானத்தில் பிக்மென்ட் மைக்குச் சூடும், ரியாக்டிவ் மைக்கு நீராவியும் சலவையும் அமைகின்றன. அவசரம் கூடாது என்ற விதி மட்டும் இரண்டிற்கும் பொது.

முதலில் பிக்மென்ட் மையை எடுத்துக்கொள்வோம். இந்த வர்ணத்துக்கும் பருத்தி நூலுக்கும் இயல்பான பற்று இல்லை. பைண்டர் என்னும் ஒட்டுப்பொருளே வர்ணத் துகள்களை நூலோடு பிணைக்கிறது. அந்தப் பைண்டர் இறுகுவதற்குச் சூடு அவசியம். பொதுவாக 150 முதல் 160 டிகிரி சென்டிகிரேட் வரை, சுமார் 3 நிமிஷம் தேவைப்படும். மை தயாரிப்பாளர் வேறு அளவு கூறியிருப்பின் அதையே பின்பற்றவேண்டும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. யந்திரத்தின் முகப்பில் தெரிவது அறையிலுள்ள காற்றின் சூடு. துணியின் சூடு அன்று. ஈரத் துணி உள்ளே சென்றால், ஈரம் போகும்வரை துணியின் சூடு உயராது. ஆகையால் உள்ளே 3 நிமிஷம் இருந்த துணி, வேண்டிய சூட்டில் 1 நிமிஷம்கூட இராமற் போகலாம். துணி சூடேறிய பிறகே நேரத்தைக் கணக்கிடவேண்டும். சூட்டுக்கேற்ப நிறம் மாறும் காகிதப் பட்டையைத் துணியில் ஒட்டி அனுப்பினால் உண்மை தெரிந்துவிடும். சூடு மிகுந்தாலும் கேடுதான். வெள்ளைப் பகுதி மஞ்சளிக்கும்.

ரியாக்டிவ் மையின் தன்மை வேறு. இது காரத்தின் முன்னிலையில் பருத்தியோடு இரசாயன முறையில் இணைகிறது. காரத்தை மையிலேயே கலந்தால் மை கெட்டுவிடும். எனவே காரம், யூரியா, சோடியம் ஆல்ஜினேட் ஆகியவற்றைத் துணிக்கு முன்கூட்டியே ஏற்றி உலர்த்துகிறோம். ஆல்ஜினேட் கடற்பாசியிலிருந்து கிடைப்பது. மாவுப் பசை இந்த வர்ணத்தோடு தானே இணைந்துவிடும். ஆல்ஜினேட் அவ்வாறு செய்வதில்லை என்பதே அதை விரும்புவதற்குக் காரணம். அச்சிட்டு உலர்த்திய துணியைச் சுமார் 102 டிகிரி நீராவியில் 8 முதல் 10 நிமிஷம் வரை வைக்கவேண்டும்.

நீராவியில் வர்ணம் முழுவதும் நூலோடு இணைவதில்லை. ஒரு பகுதி நீரோடு சேர்ந்து பயனற்றுப் போகிறது. அது கண்ணுக்கு நல்ல வர்ணமாகவே தோன்றும். வாங்கியவர் வீட்டுச் சலவையில் கழன்று பக்கத்து வெள்ளையைக் கெடுக்கும். ஆகவே முதலில் தாராளமான குளிர்ந்த நீரிலும், பிறகு வெந்நீரிலும், அதன்பின் கொதிநிலையை ஒட்டிய சோப்பு நீரிலும் அலசவேண்டும். எடுத்த எடுப்பிலேயே வெந்நீரில் இட்டால் கழன்ற வர்ணம் வெள்ளைப் பகுதியில் படியும்.

பின்னல் துணிக்கு மேலும் ஒரு கவனம் வேண்டும். அது இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். இழுவையில் அச்சிட்ட வட்டம் பிறகு முட்டை வடிவமாகிவிடும். துணியைத் தளரவிட்டு, இழுவையின்றி யந்திரத்தில் செலுத்துவதே முறை.

அச்சின் தரத்தை அறிய எளிய சோதனைகள் உண்டு. வெள்ளைப் பருத்தித் துணியை விரலில் சுற்றி, அச்சின்மேல் 10 முறை தேய்த்துப் பார்க்கவேண்டும். முதலில் உலர்ந்த துணியாலும், பிறகு நனைத்துப் பிழிந்த துணியாலும் செய்க. ரியாக்டிவ் அச்சாயின், ஈர வெள்ளைத் துணியை மேலே வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினால், மிஞ்சிய வர்ணம் கறையாக வெளிப்படும். ஏற்றுமதிச் சரக்குக்கு இவை போதா, ஆய்வுக்கூடத்தில் சோதிப்பது அவசியம். 500 மீட்டர் அச்சிடுமுன் 5 மீட்டர் அச்சிட்டுச் சோதிப்பது சிக்கனம். அச்சில் கழிக்கப்படும் துணியோடு நூல் விலை, பின்னற் கூலி, வெளுப்புக் கூலி யாவும் சேர்ந்தே போகின்றன.

இனி, விவசாய அங்கத்தினர்களுக்கும் உரிய விஷயம் ஒன்று. நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை 1992-இல் பாசனத்துக்காகக் கட்டப்பட்டது. அதில் சாயக்கழிவு தேங்கி, அந்நீர் வயலுக்கே ஆகாததாயிற்று. விவசாயிகள் நீதிமன்றம் சென்றனர். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. வேலை இழந்த தொழிலாளரின் துயரும் சிறிதன்று. கழிவுநீரைச் சுத்திகரித்து மீட்கும் ஏற்பாட்டின் மேல்தான் பின்னர் தொழில் மீண்டெழுந்தது.

எனவே மையைத் தேர்ந்தெடுக்கையில் தண்ணீரையும் கணக்கில் சேர்ப்போம். பிக்மென்ட் அச்சுக்குப் பெரும்பாலும் சலவை வேண்டுவதில்லை. ஆனால் துணி சற்று விறைக்கும், ஈரத்தேய்ப்பில் அடர்ந்த நிறங்கள் சளைக்கும். ரியாக்டிவ் அச்சு மென்மையானது, பளிச்சென்றிருப்பது. ஆனால் கழன்ற வர்ணமும் யூரியாவும் கழிவுநீரில் சேரும். சுத்திகரிப்பு வசதியில்லாத சங்கம் அதில் இறங்குவது முறையன்று.

ஒவ்வொரு லாட்டுக்கும் தேதி, மையின் வகை, துணியின் சூடு, நேரம், சோதனை முடிவு ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதி, ஒரு சாண் துணியையும் ஒட்டி வைப்பது நல்ல வழக்கம். சரக்கில் குறை என்று கடிதம் வரும் நாளில், சங்கத்தின் சார்பில் சாட்சி சொல்லக்கூடியது அந்தப் பதிவேடு ஒன்றே.