சைரன் கேட்டால் முதலில் மூச்சு

தியானம்னா பூஜை அறையில் கண்ணை மூடி உட்காருவது என்றுதான் நம் இளையோர் பலர் நினைக்கிறார்கள். தன்னார்வ ஆம்புலன்ஸ் பணிக்குப் போகும் எனக்கு அது வண்டிக்குள்ளேயே தேவைப்படுகிறது. 999 அழைப்பு வந்தாலே நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும்.

திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் மூச்சுக்குக் கணக்கே சொல்கிறார். உள்ளே இழுக்க 16 மாத்திரை, அடக்க 64, வெளியே விட 32. அந்த 64-ஐக் குரு இல்லாமல் தொடாதீர்கள். பணி நேரத்தில் வேண்டவே வேண்டாம். இழுப்பதைவிட விடுவது இரண்டு மடங்கு என்பதை மட்டும் எடுத்துக்கொள்வோம். 4 எண்ணி இழுங்க, 8 எண்ணி மெதுவா விடுங்க. மூச்சு வெளியேறும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே தணியும். ஐந்து முறை செய்ய ஒரு நிமிடம்தான்.

1979-இல் ஜான் கபாட்-ஜின் அமெரிக்காவில் நோயாளிகளுக்காகத் தொடங்கிய மனக்கவனப் பயிற்சியிலும் மூச்சைக் கவனிப்பது முக்கியமான பாடம். அந்த வழியில் வந்த பயிற்சிகளை அங்கே இன்று போலீசாரும் தீயணைப்பு வீரர்களும் கற்கிறார்கள்.

வேலை முடிந்த பிறகுதான் கஷ்டம். விபத்தில் பார்த்த முகம் ராத்திரி கண்ணுக்குள் வந்து நிற்கும். விரட்டாதீங்க. 'பயம் வருது', 'அழுகை வருது' என்று மனசுக்குள் பெயர் சொல்லிக் கவனிங்க. அடக்குவது வேற, கவனிப்பது வேற. வாரக்கணக்கில் தூக்கம் வராவிட்டால் மூச்சை மட்டும் நம்பி இருக்காமல் குழுத் தலைவரிடம் சொல்லுங்க, மனநல ஆலோசகரைப் பாருங்க. நம்ம பையன்கள் இதை வெளியே சொல்லக் கூச்சப்படுறாங்க. எனக்குக் கவலையே அதுதான்.