மீட்டிங் பிளான் வாங்கும் முன்: ஹோஸ்ட் எத்தனை பேர் என்று எண்ணு, தங்கச்சி

பன்னிரண்டு பேர் இருக்கிற ஆபீஸ் என்பதற்காகப் பன்னிரண்டு லைசென்ஸ் வாங்கிவிடாதே, தங்கச்சி. வீடியோ மீட்டிங் பிளானில் காசு வீணாவது பெரும்பாலும் இந்த ஒரு இடத்தில்தான். ஜூமில் காசு கட்ட வேண்டியது மீட்டிங்கை நடத்துகிற ஹோஸ்ட்டுக்கு மட்டும். லிங்க்கை அழுத்தி உள்ளே வருகிறவர் ஒரு பைசா தர வேண்டாம்.

அதனால் முதலில் ஒரு பேப்பரை எடு. உங்கள் ஆபீஸில் நீளமான மீட்டிங்கை யார் யார் கூப்பிடுகிறார்கள் என்று எழுது. கிளையண்ட்டோடு பேசுகிறவர், பயிற்சி கொடுக்கிறவர், நீ. அநேகமாக மூன்று பேருக்கு மேல் போகாது. அந்த மூன்று பேருக்கு வாங்கினால் போதும். ஒருவர் பிரசவ லீவில் போனால், அவருடைய லைசென்ஸை அட்மின் பக்கத்திலிருந்தே இன்னொருவருக்கு மாற்றிவிடலாம். ஒரே பாஸ்வேர்டை நாலு பேர் பங்கு போட்டுக்கொள்வது மட்டும் வேண்டவே வேண்டாம். அது விதிக்கும் புறம்பு, ஒரே நேரத்தில் இரண்டு மீட்டிங் வந்தால் ஒன்று நிற்கவும் செய்யும்.

இலவசத்தில் என்ன கிடைக்கிறது என்பதையும் பார்த்துவிடு. ஜூமில் 40 நிமிடம், 100 பேர். கூகுள் மீட்டில் மூன்று பேரோ அதற்கு மேலோ சேர்ந்தால் 60 நிமிடம், இரண்டு பேர் மட்டும் பேசினால் 24 மணி நேரம் வரை. தினமும் காலையில் கால் மணி நேரம் கூடிப் பேசுகிற டீமுக்கு இதுவே தாராளம். காசு கொடுத்து நேரத்தை நீட்டுவதைவிட மீட்டிங்கைச் சுருக்குவது நல்லது என்பேன், பிள்ளைகளை ஸ்கூலுக்கு அனுப்பிவிட்டு வந்து உட்காருகிற பெண்களுக்கு அது பெரிய உதவி.

இன்னொன்று. ஆபீஸ் மெயிலுக்கு ஏற்கெனவே காசு கட்டுகிறீர்களா? கூகுள் வொர்க்ஸ்பேஸ் என்றால் மீட் அதிலேயே இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் 365 என்றால் டீம்ஸ் சேர்ந்த பிளானும் உண்டு, சேராததும் உண்டு. உங்களுடையது எது என்று பார். கையில் இருப்பதை விட்டுவிட்டு இரண்டாவது பில் எதற்கு?

ரெக்கார்டிங் வேண்டும் என்றால் அங்கேதான் கவனம் தேவை. வொர்க்ஸ்பேஸின் அடிமட்ட ஸ்டார்ட்டர் பிளானில் மீட் ரெக்கார்டிங் கிடையாது, அடுத்த ஸ்டாண்டர்ட் பிளானில்தான் வரும். ஜூமின் இலவசக் கணக்கில் கம்ப்யூட்டரிலேயே பதிவு செய்துகொள்ளலாம், கிளவுடில் சேமிக்கத்தான் காசு. மாதம் ஒரு பயிற்சி வகுப்பைப் பதிவு செய்கிறவளுக்கு கம்ப்யூட்டர் ஹார்ட் டிஸ்க்கே போதும்.

விலைப் பக்கத்தில் போட்டிருக்கும் தொகையை அப்படியே நம்பாதே. அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வரும். உங்களுக்கு ஜி.எஸ்.டி. நம்பர் இருந்தால் பில்லிங் பக்கத்தில் மறக்காமல் போடு, கட்டிய வரியைக் கிரெடிட்டாக எடுக்க அது வேண்டும். டாலரில் பில் வந்தால் பேங்க் தனியாக மார்க்கப் பிடிக்கும், எனவே ரூபாயில் கட்ட வழியிருந்தால் அதையே எடு. கார்டில் தானாகப் பிடிக்கிற தொகை 15,000 ரூபாயைத் தாண்டினால் ஒவ்வொரு முறையும் ஓ.டி.பி. கேட்கும். அது யாருடைய போனுக்குப் போகிறது என்று இப்போதே தெரிந்து வைத்துக்கொள்.

முதல் மாதம் மாதக் கணக்கிலேயே கட்டு. வருஷப் பிளான் மலிவுதான், ஆனால் பிடிக்காவிட்டால் நடுவில் பணம் திரும்பி வருவது கஷ்டம். அந்த மாதத்தில், டீமிலேயே நெட் மோசமான ஊரிலிருந்து சேருகிற ஆளை வைத்துச் சோதித்துப் பார். உன் வீட்டு ஃபைபரில் எல்லா ஆப்பும் நன்றாகத்தான் ஓடும். அந்தப் பிள்ளைக்குக் குரல் விட்டுவிட்டுக் கேட்டால், எவ்வளவு மலிவானாலும் அந்தப் பிளான் உங்களுக்கு ஆகாது.

எல்லாம் சரியாக வந்தால் வருஷத்துக்கு எடு. எடுத்த அன்றே, முடிகிற தேதிக்குப் பத்து நாள் முன்னால் போனில் ஒரு ரிமைண்டர் வைத்துவிடு. நாம் ரத்து செய்யாவிட்டால் பிளான் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும்.