தளராத ததீயாராதனம்

ஸ்ரீ:

எம்பெருமானின் திருமேனியழகையும் திருவாபரணச் சிறப்பையும் விரித்துரைக்க இம்மலரில் பெரியோர் பலர் உளர். அடியேனோ திருமடைப்பள்ளியின் வாயிலில் நின்று ஒரு பொருளைச் சிந்திக்க விழைகின்றேன். நாடு இடர்ப்படும்போது அன்னமிடும் கைங்கர்யம் எவ்வாறு தளராமல் நிற்கும்? ஓர் இடர் தீருமுன் மற்றோர் இடர் வந்தால், முதல் நாளில் இருந்த ஊக்கம் முந்நூறாம் நாளிலும் இருக்க வழி யாது? நம் விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்கள் அண்மைக் காலத்தில் இக்கேள்வியை நேரில் கண்டன. ஆதலின் இஃது ஏட்டுக் கேள்வி அன்று.

நித்யமும் நைமித்திகமும்

சாஸ்திரம் கர்மங்களை மூவகையாகப் பிரிக்கும். நாள்தோறும் தவறாது செய்வது நித்யம். கிரகணம் போன்ற ஒரு காரணம் நேரும்போது செய்வது நைமித்திகம். பயனை விரும்பிச் செய்வது காம்யம். அன்னமிடுதலை இவற்றுள் எதில் சேர்ப்பது? புயல் வந்தபோது மட்டும் செய்யும் தருமம் என்று நாம் எண்ணினால் அது நைமித்திகம் ஆகிவிடும். காரணம் மறைந்ததும் செயலும் மறையும். ஆனால் இல்லறத்தான் இயற்ற வேண்டிய பஞ்ச மஹா யஜ்ஞங்களுள் அதிதிக்கு உணவளிக்கும் மனுஷ்ய யஜ்ஞமும் ஒன்று. அவை ஐந்தும் நாள்தோறும் செய்யத்தக்கவை. முன்னோர் அன்னத்தை நித்யத்திலேயே வைத்தனர் என்பது இதனால் விளங்கும்.

இந்த வகைப்பாட்டிலேயே நம் கேள்விக்கு விடையும் இருக்கிறது. நாள்தோறும் பத்துப் பேருக்குச் சமைக்கும் அடுப்பு, இடர் வந்த நாளில் ஆயிரம் பேருக்குச் சமைக்கும். அன்றைக்கென்று புதிதாக மூட்டிய அடுப்பு, முதல் வாரத்தில் ஓங்கி எரிந்து மூன்றாம் வாரத்தில் அவியும்.

நான்காம் அதிதி

ஸ்ரீமத் பாகவதத்தின் ஒன்பதாம் ஸ்கந்தத்தில் ரந்திதேவன் சரிதம் வருகின்றது. உள்ளதையெல்லாம் வழங்கிய அவ்வரசன் குடும்பத்தோடு 48 நாட்கள் உணவின்றி இருந்தான். 49ஆம் நாள் காலையில் சிறிது பாயஸமும் நீரும் கிட்டின. உண்ண அமரும் வேளையில் அதிதி ஒருவர் வந்தார். அவருக்கு இட்டான். மிச்சத்தை உண்ணத் தொடங்குகையில் இரண்டாமவர் வந்தார். பின்னர் நாய்கள் சூழ மூன்றாமவர் வந்தார். எஞ்சியது ஒருவர் அருந்தும் அளவு நீர் மட்டுமே. அதையும் தாகத்தால் வாடி நின்ற நான்காமவர் கேட்டார். அதையும் அன்போடு கொடுத்தான்.

முதல் அதிதிக்கு இடுவது அரிதன்று என்பதே இச்சரிதத்தில் நாம் காணத்தக்கது. கை நிறைந்திருக்கும்போது மனமும் நிறைந்திருக்கும். கை ஒழிந்து, உடல் சோர்ந்து, போதும் என்று மனம் சொல்லும் வேளையில் வரும் நான்காம் அதிதியே தருமத்தின் உரைகல். அவர் எந்தக் குலத்தார், எந்த நிலையினர் என்று ரந்திதேவன் வினவவில்லை. அனைவரிடத்திலும் ஹரியையே கண்டான்.

சார்வரி ஆண்டில்

2020ஆம் ஆண்டில் நம் பகுதிக்கும் அதிதிகள் இவ்வாறே ஒருவர்பின் ஒருவராக வந்தனர். மார்ச்சு மாதம் 24ஆம் நாள் நள்ளிரவு முதல் நாடெங்கும் ஊரடங்கு நிலவியது. நாட்கூலியால் அடுப்பு மூட்டுவோரின் வீடுகளில் பசி முதலில் நுழைந்தது. சென்னையிலிருந்து திருச்சிக்குச் செல்லும் பெருவழியில் அமைந்தவை திண்டிவனமும் விழுப்புரமும். வாகனங்கள் நின்ற அச்சாலையில், வேலையிழந்து ஊர் திரும்புவோரின் பசியும் சேர்ந்துகொண்டது.

அடுத்ததாக, கோயம்பேட்டுச் சந்தையில் நோய் பரவியதால் மே 5ஆம் நாள் அச்சந்தை மூடப்பட்டது. காய்கறி வணிகம் ஆழ்வார் அவதரித்த திருமழிசைக்கு மாற்றப்பட்டது. சந்தையில் உழைத்துத் திரும்பியவர்களால் விழுப்புரம் மாவட்டத்திலும் நோய் பெருகிற்று. தெருக்கள் அடைக்கப்பட்டன. பந்தியில் அமர்த்தி இலை போட்டுப் பரிமாறும் முறை நின்றுபோய், பொட்டலத்தை வாயிற்படியில் வைத்து விலகி நிற்கும் முறை வந்தது.

மூன்றாவதாக, நவம்பர் 25ஆம் நாள் இரவில் நிவர்ப் புயல் புதுச்சேரிக்கு வடக்கே, மரக்காணத்தை ஒட்டிய கரையைக் கடந்தது. உப்பளத் தொழிலாளரும் மீனவரும் நிறைந்த பகுதி அது. அந்த ஈரம் உலருமுன், டிசம்பர்த் தொடக்கத்தில் புரெவிப் புயலின் மழை அண்டை மாவட்டமாகிய கடலூரில் சிதம்பரம் முதலான ஊர்களை வெள்ளத்தில் ஆழ்த்திற்று. அந்த நான்காம் அதிதிக்கு அன்னமிட்டவர் எவர் என்று பார்த்தால், பெரும்பாலும் அன்றாடப் பழக்கமாக அன்னமிட்டு வந்தவர்களே.

இதற்குச் சான்று இரண்டு கூறலாம். ஒன்று, ஆலயங்களின் மடைப்பள்ளி. அந்நாட்களில் சேவார்த்திகளுக்குக் கதவு அடைத்திருந்தது. பெரிய ஆலயங்கள் செப்டம்பர் 1 முதலே திறந்தன. ஆயினும் பெருமாளுக்கு நித்யத் தளிகை நின்றதில்லை. அடுப்பு அவியாதிருந்தமையால், அன்னதானத்தை மறுபடி தொடங்குவது எளிதாயிற்று. மற்றொன்று, நியாயவிலைக் கடை. தமிழ்நாட்டில் அரிசி அட்டை உடையோருக்கு மாதந்தோறும் அரிசி வழங்கும் ஏற்பாடு முன்னமே இருந்தது. ஆதலால்தான் 2020 ஏப்ரலில் அட்டைக்கு 1000 ரூபாயும், விலையின்றி அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் சிற்றூர்கள் வரை சென்றடைந்தன. வாய்க்கால் முன்பே வெட்டியிருந்தால்தானே வந்த நீர் வயலுக்குப் பாயும்!

குரோதி ஆண்டில்

2024 நவம்பர் 30ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி, நகராமல் நின்று பொழிந்தது. திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செண்டிமீட்டர் மழை பதிவாயிற்று. டிசம்பர் 2ஆம் நாள் விடியுமுன் சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் வினாடிக்கு 1,68,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டது. அரசூரில் தேசிய நெடுஞ்சாலையை வெள்ளம் மூடிற்று. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையிலுள்ள பாலத்தில் நீர் உயர்ந்ததால் ரயில்கள் நிறுத்தப்பட்டன.

சாலையும் தண்டவாளமும் ஒருங்கே அறுபட்டபோது ஒரு நுட்பம் புலனாயிற்று. தலைநகரில் எவ்வளவு நெல் குவிந்திருந்தாலும், ஆற்றுக்கு அக்கரையில் உள்ள பசிக்கு அன்று அது உதவாது. அக்கரையில் ஒரு கொப்பரையும் ஒரு மூட்டை அரிசியும் இருந்திருக்க வேண்டும். பெரிய களஞ்சியம் ஒன்றைவிடச் சிறிய களஞ்சியங்கள் பத்து நன்று என்பதை அவ்வெள்ளம் உணர்த்திற்று.

முன்னோர் காட்டிய வழி

திருமங்கை மன்னன் குமுதவல்லி நாச்சியாரின் நிபந்தனையை ஏற்று, நாளொன்றுக்கு 1008 ஸ்ரீவைஷ்ணவர்களுக்கு ஓராண்டுக் காலம் அமுது செய்விக்க இசைந்தார் என்று குருபரம்பரை கூறும். ஒரு நாள் விருந்தை நாச்சியார் கேட்கவில்லை, ஓராண்டைக் கேட்டார். செல்வம் கரைந்தது, சோழனுக்குச் செலுத்த வேண்டிய திறைப்பொருளும் கரைந்தது, சிறை வந்தது, எனினும் ததீயாராதனத்தை அவர் கைவிடவில்லை. பொருள் தேட அவர் மேற்கொண்ட வழிப்பறி நமக்கு வழியன்று. எம்பெருமானே எதிர்வந்து ஆட்கொண்ட அத்தனிப் பெருமை அவர் ஒருவருக்கே உரியது. நாம் கொள்ள வேண்டுவது நாள் தவறாத அந்த நியமத்தையே.

நம் பழைய தென்னாற்காட்டுச் சீமையிலேயே மற்றொரு சான்று உண்டு. வடலூரில் இராமலிங்க அடிகளார் 1867 மே 23 அன்று தருமச்சாலையைத் தொடங்கி மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையாமல் எரிகின்றது. பத்தாண்டுக்குள், 1876 முதல் 1878 வரை, தாது வருடப் பஞ்சம் சென்னை ராஜதானியை வாட்டிற்று. நித்யமாக எரிந்த அடுப்பு நைமித்திகத்துக்கு ஆயத்தமாகவே இருந்தது.

அதே பஞ்சம் அளவைப் பற்றியும் ஒரு பாடம் தந்தது. 1877இல் சர் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி, நிவாரண வேலை செய்வோருக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியத்துக்கு ஈடான கூலியே போதும் என்று குறைத்தார். ஒரு ராத்தல் ஏறத்தாழ 450 கிராம். மண் சுமக்கும் உடலுக்கு இது போதாது என்று சென்னை சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதாடினார். பின்னர் அளவு உயர்த்தப்பட்டது. கணக்குக்காகப் பசியைச் சுருக்கலாகாது. பசிக்கேற்பக் கணக்கை விரித்தல் வேண்டும்.

கடைப்பிடிக்க வேண்டுவன

அன்னமிடும் அன்பர்கள் மனத்திற் கொள்ளத்தக்க நியமங்கள் ஐந்து.

முதலாவது, சிறிதாயினும் நித்யமாகச் செய்க. வாரம் ஒரு நாளேனும் தவறாத நியமம், ஆண்டுக்கொருமுறை செய்யும் பெருவிருந்திலும் உயர்ந்தது.

இரண்டாவது, காலத்துக்கேற்ற அன்னத்தைத் தேர்க. திண்டிவனம் என்னும் பெயரைத் திந்திரிணீ வனம், அதாவது புளியமரக் காடு, என்று பெரியோர் விளக்குவர். அப்பெயரே நமக்கு ஒரு குறிப்பு. புளிக்காய்ச்சலை முன்னரே செய்து நல்லெண்ணெய் மிதக்க வைத்துக்கொண்டால் பல நாள் கெடாது. அன்று வடித்த சாதத்தோடு கலந்தால் போதும். ததியோதனம் விரைவில் புளித்துவிடும். எதுவாயினும் ஆவி அடங்கிய பின்னரே பொட்டலம் கட்டுக. சுடச்சுடக் கட்டினால் வியர்த்துக் கெடும். வெள்ளம் வடியும்வரை சமைத்த உணவும், வடிந்த பின் அரிசி பருப்போடு உப்பும் தீப்பெட்டியும் தருக. அடுப்பும் பாத்திரமும் வெள்ளத்தோடு போன வீட்டுக்கு வெறும் அரிசியால் பயனில்லை என்பதை மறவற்க. குழந்தைகளுக்கும் பிணியாளருக்கும் கஞ்சியும் காய்ச்சி ஆறிய நீரும் தனியே வேண்டும்.

மூன்றாவது, முறை வைத்து உழைக்க. பரிசாரகர் ஒருவரே பத்து நாள் கொப்பரைமுன் நின்றால் பதினோராம் நாள் நோயில் வீழ்வார். ஆலயக் கைங்கர்யத்தில் முறைக்காரர் உள்ளதுபோல் இதிலும் முறை வகுத்து, முறையற்ற நாளில் உறங்கி இளைப்பாறுக. அன்னமிடுவோரும் நேரத்துக்கு உண்ண வேண்டும்.

நான்காவது, கணக்கை எழுதுக. வந்த அரிசி இத்தனை, வடித்தது இத்தனை, உண்டவர் இத்தனை பேர் என்று அன்றன்றே எழுதி வாசலில் ஒட்டினால், கொடுத்தவர் மறுபடி கொடுப்பர். இடர் ஓராண்டு நீளும்போது தருமத்தைத் தாங்குவது இந்த நம்பிக்கையே.

ஐந்தாவது, உண்பவரை வணங்குக. ததீயர் என்றால் எம்பெருமானுக்கு உரியவர் என்று பொருள். ஆகவே ததீயாராதனம் என்பது ஆராதனமேயன்றிப் பிச்சையன்று. வரிசையில் நிற்பவரை அதட்டுவதும், கையேந்தும் நிலையில் புகைப்படம் எடுத்துப் பரப்புவதும் ஆராதனத்துக்கு இழுக்கு. நேற்றுவரை நமக்கு நெல் விளைத்தவரும் மீன் பிடித்தவரும் உப்பு வாரியவருமே இன்று இலைமுன் அமர்ந்துள்ளனர். நாளை நாமும் அவ்விடத்தில் அமரலாம்.

நிறைவுரை

பக்தகோடிகளே! இவ்வுத்ஸவத்தில் உங்கள் கையில் வந்து சேரும் ஒரு தொன்னைப் பிரசாதத்தின் பின்னே விறகு சுமந்தவரும் அரிசி களைந்தவரும் விடியுமுன் அடுப்பு மூட்டியவரும் நிற்கின்றனர். உத்ஸவம் நைமித்திகம், அது நிறைவெய்தும். பசி நித்யம், அது நாளையும் வரும். வீடு திரும்பியதும் நாள்தோறும் அரிசி களையும்போது ஒரு கைப்பிடி எடுத்துத் தனிக்கலத்தில் இடுங்கள். மாத இறுதியில் அதை உங்கள் ஊர் மடைப்பள்ளிக்கோ, பசித்த வீட்டுக்கோ சேர்த்துவிடுங்கள். அடுத்த புயல் எந்தக் கார்த்திகையில் வரும் என்று அறியோம். வரும் நாளில் கலம் நிறைந்திருக்கட்டும், அடுப்பும் எரியட்டும். நான்காம் அதிதியையும் முதல் அதிதியைப் போலவே முகமலர்ந்து வரவேற்கும் வலிமையை எம்பெருமான் நம் அனைவருக்கும் அருள்வானாக!

சுபம்