எஞ்சிய பீடைநாசினியும் வெறும் போத்தல்களும்

நெல்லுக்கும் மரக்கறிப் பயிர்களுக்கும் பீடைநாசினி தெளிக்கும் கமக்காரர், எம்மருந்தை எவ்வளவு கலத்தல் வேண்டும் என்பதைக் கவனமாகக் கேட்டறிவர். தெளித்தபின் எஞ்சுவதை என் செய்வது எனக் கேட்போர் மிகச் சிலரே. கேடு பெரும்பாலும் அங்கேயே தொடங்குகின்றது.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. குடிப்பதற்கும் இறைப்பதற்கும் மக்கள் பெரும்பாலும் கிணற்றையே நம்புவர். செம்மண்ணின் கீழுள்ள சுண்ணாம்புக்கல்லோ வெடிப்புகளும் பொந்துகளும் நிறைந்தது. மேலே ஊற்றிய நீர் அவற்றினூடாக விரைவில் நிலத்தடி நீரைச் சென்றடையும். ஆதலால், கிணற்றடியில் தெளிகருவியைக் கழுவுபவர் தம் வீட்டார் அருந்தும் நீரிலேயே நஞ்சைக் கலக்கின்றார். வயல் வாய்க்காலிற் கழுவினால் கீழ்வயற்காரருக்கும் மீனுக்கும் அதே கேடுதான்.

எச்சம் ஏற்படாமற் செய்தலே நன்று. முதலில் வெறும் நீரைத் தெளித்துப் பார்த்தால், தோட்டத்துக்கு எத்தனை தாங்கி தேவை என்பது தெரிந்துவிடும். அப்படியும் சிறிது எஞ்சின், நீர் சேர்த்து ஐதாக்கி, அதே பயிரில் விடுபட்ட வரிசைகளுக்குத் தெளித்தல் வேண்டும்.

போத்தல் வெறுமையானவுடன், தெளிகருவியை நிரப்பும்போதே, அதிற் காற்பங்கு நீர் விட்டு, மூடி, அரை நிமிடம் குலுக்கி, அந்நீரைத் தெளிகருவியினுள் ஊற்றுதல் வேண்டும். இவ்வாறு 3 முறை செய்க. நாள் கடந்தால் நஞ்சு காய்ந்து ஒட்டிக்கொள்ளும். பின்னர்க் கழுவிப் பயனில்லை. கழுவிய நீரும் மருந்தாகவே பயிருக்குச் செல்வதாற் காசும் வீணாகாது. பின்பு போத்தலைத் துளையிட்டுவிடல் வேண்டும். பிளாத்திக்கு நஞ்சைச் சிறிது உறிஞ்சி வைத்திருக்குமாதலால், எத்துணை கழுவினும் அது மண்ணெண்ணெய்க்கோ நல்லெண்ணெய்க்கோ உதவாது. எரித்தலும் ஆகாது, அப்புகையும் நஞ்சே.

மிஞ்சிய மருந்தைச் சோடாப் போத்தலில் ஊற்றிவைக்கும் வழக்கத்தைப்போற் கொடியது வேறில்லை. பிள்ளையின் கண்ணுக்கு அது சோடாவேயாம். சுட்டுத்துண்டு ஒட்டிய சொந்தப் போத்தலிலேயே, பூட்டிய பெட்டியில், விதைநெல்லுக்கும் உணவுக்கும் மாட்டுத் தீனுக்கும் எட்ட வைத்தல் வேண்டும். தூள்மருந்து மேற்றட்டிலும் திரவம் கீழ்த்தட்டிலும் இருப்பின், ஒழுகினாலும் தூள் கெடாது.

மொனோகுரோட்டபொசு 1995ஆம் ஆண்டிலும் எண்டோசல்பான் 1998ஆம் ஆண்டிலும் இலங்கையில் தடைசெய்யப்பட்டன. பழைய கொட்டில்களில் இத்தகைய தகரமோ போத்தலோ அகப்பட்டால் அதைத் திறத்தலும் புதைத்தலும் தகாது. பிள்ளைகளையும் கோழிகளையும் அணுகவிடாது, ஒழுகும் இடத்தில் உலர்ந்த மணலைப் பரப்பி, விவசாயப் போதனாசிரியருக்கு உடன் அறிவித்தல் வேண்டும்.