தீபாவளியும் பத்தாம் திகதியும்

பூனாகலை மாதிரி ஊரில் பலசரக்குக் கடை வைத்திருப்பவனுக்குப் பண்டிகை வியாபாரம் எப்போது சூடுபிடிக்கும் என்பதைத் தோட்டத்துச் சம்பள நாள்தான் தீர்மானிக்கும். பத்தாம் திகதி சம்பளம். அதையொட்டித்தான் பழைய கடன் அடைபடும், பிள்ளைகளுக்கு உடுப்பு எடுப்பார்கள், பலகாரச் சாமான் வாங்குவார்கள். தீபாவளியோ ஒரே இடத்தில் நிற்பதில்லை. 2023இல் நவம்பர் 12, சம்பளம் கைக்கு வந்து இரண்டே நாள். 2024இல் ஒக்டோபர் 31, சம்பளம் கரைந்து மூன்று கிழமை. 2025இல் ஒக்டோபர் 20.

கடைக்கு விற்பனை மென்பொருள் போட்ட பிறகுதான் இந்த இடைவெளி வியாபாரத்தை எப்படி ஆட்டுகிறது என்பது தெளிவாகப் புரிந்தது. அது தானாகத் தரும் அறிக்கை, போன ஒக்டோபரையும் இந்த ஒக்டோபரையும் பக்கத்தில் வைத்துக் காட்டும். எங்களுக்கு அது உதவாது. தீபாவளிக்கு முந்திய மூன்று கிழமை என்று ஒவ்வொரு வருடத்துக்கும் திகதியை நீங்களே கொடுத்து எடுங்கள். உளுந்தும் கடலை மாவும் எந்த நாளில் ஏறுகின்றன, உடுப்பு அதற்கு எவ்வளவு முன்னால் போகிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும்.

ரூபாயை மட்டும் பார்க்கவும் கூடாது. 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தை நெருங்கியது. அந்த வருடத்து விற்பனைத் தொகையைப் பார்த்தால் வியாபாரம் பெருகியது போலவே இருக்கும். சீனி எத்தனை கிலோ, தேங்காய் எண்ணெய் எத்தனை போத்தல் என்று பார்த்துத்தான் நான் ஓடர் கொடுக்கிறேன்.

அடுத்தது மழை. ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் இந்த மலையை நம்பிச் சரக்கைத் தள்ளிப்போட முடியாது. கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனது 2014 ஒக்டோபர் 29இல். 2023 மார்ச்சில் எங்கள் பக்கத்துக் கபரகலையிலும் மண் சரிந்து குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. வீதி அடைபட்டால் பண்டாரவளை லொறி வராது. மென்பொருளில் ஒவ்வொரு சாமானுக்கும் குறைந்தபட்ச இருப்பு என்று ஓர் அளவு இருக்கும். இருப்பு அதற்குக் கீழே இறங்கினால் அறிவிக்கும். மா, அரிசி, பருப்பு, பால்மா, மெழுகுவர்த்தி ஆகியவற்றுக்கு அந்த அளவைச் செப்டெம்பரிலேயே கூட்டிவிடுவேன். பண்டிகைக்கு மட்டுமல்ல, ஊர் துண்டிக்கப்பட்டால் பசியாறவும் அந்தச் சரக்குத்தான்.

ஆனாலும் எங்கள் வியாபாரத்தின் உயிர் கடன் கணக்கில் இருக்கிறது. கொழுந்து நிறுத்துவிட்டு வந்த ஒரு அம்மா, கூடையை வாசலில் வைத்துவிட்டுக் கேட்டார்: “எம் பேர்ல எவ்வளவு நிக்கிது தம்பி?” திரையைப் பார்த்துத் திகதி, சாமான், விலை என்று ஒவ்வொன்றாக வாசித்தேன். ஓரிடத்தில் நிறுத்தி, “அந்த ரெண்டு பேக்கட்டு மாவு யாரு வாங்குனது?” என்றார். மகள் வந்த திகதியைச் சொன்னதும், “ஆமா, சரிதான்” என்று தலையசைத்தார். சின்னத் துண்டில் அச்செடுத்துக் கொடுத்தேன், வீட்டில் பேத்தி வாசித்துக் காட்டுவாள். சம்பளச் சீட்டு முழுக்கப் பிடிப்புகளைப் பார்த்துப் பழகியவர்களுக்குத் தங்கள் கணக்கை வரிவரியாகக் கேட்கும் உரிமை உண்டு. வாசித்துக் காட்டாத கடைக்கு எந்த மென்பொருளும் பெருமை சேர்க்காது.

தோட்டம் தரும் தீபாவளி முற்பணம் பிறகு மாதாமாதம் சம்பளத்தில் பிடிபடும். அதனால் தீபாவளி முடிந்த மாதங்களில் கடன் வரம்பைக் குறைத்து வைப்பது இரு பக்கத்துக்கும் நல்லது. பொங்கல் சரக்கையும் அந்த அளவுக்கே இறக்குவேன். பால்மாவுக்கும் அரிசிக்கும் மட்டும் வரம்பு போடுவதில்லை. பிள்ளையின் பாலை மறுக்க ஒரு கணினியைச் சாட்டு வைக்க எனக்கு மனமில்லை.

புதிதாக வாங்குகிறவர்கள் இணையம் இல்லாமலும் வேலை செய்யும் மென்பொருளாகப் பாருங்கள். பற்றரியும் வைத்துக்கொள்ளுங்கள். சாமான்களின் பெயரைக் கம்பனி எழுதும் விதத்தில் பதியாமல், ஆட்கள் கேட்கும் விதத்தில் பதியுங்கள்.

2026இல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. சம்பளத்துக்கு இரண்டு நாள் முன்னால். உடுப்பை ஒக்டோபர் சம்பளத்தோடு இறக்கிவிட வேண்டும். பலகாரச் சாமான் பெரும்பாலும் கடனில்தான் போகும். ஆகவே ஒக்டோபர் கடைசியில் வரம்பைக் கூட்டி, மொத்த வியாபாரிக்குப் பணம் கட்டச் சம்பளம் கழிந்த கிழமை வரை இப்போதே தவணை கேட்டு வைக்க வேண்டும்.