புதுப்பித்த ஹெரால்டு கார்: பெயின்டுக்கு அடியில் என்ன?

"ஸ்டாண்டர்டு ஹெரால்டு, முழுக்கப் புதுப்பித்தது, விற்பனைக்கு" என்று விளம்பரம் வந்தால், வாங்க ஆசைப்படும் மாமாவோ சித்தப்பாவோ முதலில் கூப்பிடுவது நம்மைத்தான். "பாலிடெக்னிக்ல மெக்கானிக்கல் படிக்கிறேல்ல, வந்து பார்த்துச் சொல்லு" என்பார்கள். பணம் அவர்களுடையது, போகிற மானம் நம்முடையது. ஆகவே வண்டியைக் கொஞ்சம் படித்து வைப்போம்.

இங்கிலாந்தில் 1959-இல் ட்ரையம்ஃப் ஹெரால்டு என்ற பெயரில் வந்த சின்ன கார் இது. உருவம் கொடுத்தவர் இத்தாலியரான மிக்கெலோட்டி. 1961-இலிருந்து சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் ஆலையில் நம்மவர்கள் கையால் உருவானது. போர் 63 மி.மீ., ஸ்ட்ரோக் 76 மி.மீ., சிலிண்டர் நாலு. ஃபார்முலாவில் போட்டுப் பாருங்கள், 948 சி.சி. வரும்.

மற்ற சின்ன கார்கள் தனிச் சேஸிஸை விட்டு மோனோகாக் பாடிக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. ஹெரால்டு மட்டும் ஏன் பழைய வழிக்குப் போனது? காரணம் இன்ஜினியரிங் இல்லை, வியாபாரம். பாடி செய்து தந்த ஃபிஷர் அண்ட் லட்லோ கம்பெனியைப் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. 1953-இல் வாங்கிவிட்டது. எனவே பாடியைத் துண்டு துண்டாகச் செய்து, சேஸிஸ் மேல் வைத்து போல்ட் போட்டு முடுக்கினார்கள். புதுப்பிக்கிறவனுக்கு இது வரப்பிரசாதம், ஒவ்வொரு துண்டாகக் கழற்றி வேலை பார்க்கலாம். ஏமாற்றுகிறவனுக்கும் வசதிதான். மேலே பளபளப்பு, அடியில் சேஸிஸ் அப்பளம்!

அதனால் முதலில் பெயின்டைப் பார்க்காதீங்க. தரையில் சாக்கை விரிச்சு வண்டிக்கு அடியில் படுங்க. சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் கை மாதிரி நீளும் அவுட்ரிக்கர்களைச் சின்னச் சுத்தியலால் தட்டுங்க. 'டங்'னு சத்தம் வந்தா இரும்பு இருக்கு. மொத்தையா வந்தா துரு, இல்லேன்னா பட்டி. மேலே கதவின் அடிப்பக்கத்தில் துணி சுற்றின காந்தத்தை வைத்தால் பட்டி கனமா இருக்கிற இடத்தில் ஒட்டாது. நம்ம வறண்ட பூமியில் துரு ஏதுன்னு நினைக்க வேண்டாம், வண்டி இத்தனை வருஷம் தூத்துக்குடி உப்புக்காத்தில் நின்றிருக்கலாம்.

உயிருக்கே ஆபத்தான இடம் முன் சஸ்பென்ஷன். அங்கே வெர்டிகல் லிங்க் என்ற உருக்குத் தண்டின் கீழ்முனை, மரை வழியாக ட்ரனியன் என்ற பித்தளைத் துண்டில் இறங்கியிருக்கும். ஒரு பக்கம் வலப்புரி மரை, மறுபக்கம் இடப்புரி. ஸ்டீயரிங் திருப்பும்போது இந்த மரையில்தான் சக்கரம் திரும்புகிறது. இதற்கு 90 நம்பர் கியர் ஆயில்தான் போட வேண்டும். ஆனால் நிப்பிளைப் பார்த்தாலே கிரீஸ் அடிப்பது நம்ம ஊர்ப் பழக்கம். கிரீஸ் உள்ளே இறுகிப் போகும், மரைக்குப் போய்ச் சேராது. தண்ணீர் புகுந்து மரை அரிக்கும், ஒருநாள் ஓட்டத்தில் லிங்க் முறிந்து சக்கரம் மடங்கிவிடும். விற்கிறவரிடம், "இதுக்கு என்ன போடுறீங்க?"ன்னு சும்மா கேளுங்க. "கிரீஸ்"னு பதில் வந்தா, கழற்றிப் பார்க்காம விலை பேச வேண்டாம்.

என்ஜினுக்கு ஒரு சின்ன சோதனை. நியூட்ரலில், என்ஜினை நிறுத்தி, ஒருவரை கிளட்சை மிதித்து விடச் சொல்லுங்கள். நீங்கள் முன்னால் கிராங்க் புல்லியைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிகிற அளவு முன்னும் பின்னும் நகர்ந்தால் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்துவிட்டது. விட்டால் வாஷர் கழன்று கிராங்க்கும் பிளாக்கும் சேர்ந்து வீணாகும்.

கடைசியாகக் காகிதம். 2021-இல் வந்த மத்திய விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய சொந்த உபயோக வண்டியை விண்டேஜ் என்று பதியலாம், நம்பர் பிளேட்டில் 'வி.ஏ.' எழுத்து வரும். ஆனால் சேஸிஸ், பாடி, என்ஜினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. அப்படிப் பதிந்த வண்டியைத் தினசரி ஓட்டவும் முடியாது. காரியாபட்டியிலிருந்து தினம் மதுரைக்கு ஆபீஸ் போக மாமா திட்டம் போட்டிருந்தால் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சேஸிஸ் நம்பர், என்ஜின் நம்பர் இரண்டின் மேலும் பேப்பர் வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்து ஆர்.சி. புக்கோடு ஒப்பிடுங்கள். வேறு என்ஜின் ஏற்றியிருந்து அது ஆர்.சி.யில் ஏறவில்லை என்றால், அது ஏறும்வரை அட்வான்ஸ் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம்.