நம்பி வருகிறவர்களுக்கு நாம் பொறுப்பு

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுவது. நம் உழவாரப்பணிக் குழுவின் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றையும் இனி நீதான் பார்த்துக்கொள்ளப் போகிறாய் என்று உன் அப்பா சொன்னார். மனம் நிறைந்தது. கோயில் குளத்துப் படியில் இறங்கிச் சேறு வாருவது எவ்வளவு பெரிய தொண்டோ, அதற்கு நாலு பேரை அழைத்து வருவதும் அவ்வளவு பெரிய தொண்டு. அந்தப் பொறுப்பை ஏற்கும் நேரத்தில் உன்னிடம் சொல்ல வேண்டியவை சில உண்டு. போனில் பேசினால் பாதி விட்டுப்போகும் என்று உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் இதை மனத்தில் பதித்துக்கொள். நீ போடும் பதிவை நம்பி எங்கோ ஒருவர் வீட்டைவிட்டுக் கிளம்புகிறார். ஞாயிற்றுக்கிழமை தூக்கத்தை விட்டு, வாலாஜாபாத்திலோ செய்யாறிலோ பஸ் ஏறுகிறார். பணம் அனுப்புகிறார். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருகிறார். அவருக்கு நம்மைத் தெரியாது. நம் எழுத்தை மட்டும்தான் தெரியும். ஆகவே அந்த எழுத்துக்கு நாம் பொறுப்பு. இனி நான் சொல்வதெல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

அழைப்பு எழுதும்போது ஒரே ஒருவரிடம் பேசுவதுபோல் எழுது. நம் ஊர் அண்ணா ‘திராவிட நாடு’ இதழில் ‘தம்பிக்கு’ என்று கடிதம் எழுதினார். படித்தவர்கள் ஆயிரக்கணக்கில், ஆனால் ஒவ்வொருவரும் அதைத் தனக்கே வந்த கடிதமாக எடுத்துக்கொண்டார்கள். எந்தக் கட்சிக்காரரும் கற்றுக்கொள்ளலாம் அந்த முறையை. ‘வாருங்கள், வரலாற்றைக் காப்போம்’ என்று போட்டால் லைக் விழும், ஆள் வராது. வருகிறவருக்கு வேண்டியதைச் சொல். இப்படி:

‘ஞாயிறு காலை 6 மணி, குளத்தின் மேற்குப் படித்துறை. 9 மணிக்கு முடித்துவிடுவோம். மண்வெட்டி, கூடை, கையுறை எங்களிடம் இருக்கின்றன. தண்ணீர் பாட்டிலும் தலைக்குத் துண்டும் கொண்டு வாருங்கள். படி வழுக்கும், சிறு பிள்ளைகளுக்கு மேலே மண்டபத்தில் வேலை தருவோம். பெண்களுக்குக் கழிப்பறை உண்டு, எங்கே என்பதை வந்ததும் கேளுங்கள், காட்டுவோம்.’

இதைப் படிக்கிற பெண், வரலாமா கூடாதா என்று அங்கேயே முடிவு செய்துவிடலாம். கோயிலின் செயல் அலுவலரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகே இந்த அறிவிப்பு வெளியே போக வேண்டும். கைலாசநாதர், வைகுண்டப் பெருமாள் போன்ற கோயில்கள் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. அங்கே ஒரு புல்லைப் பிடுங்கவும் நமக்கு உரிமையில்லை.

வீடியோவில் இன்னும் கவனம் வேண்டும். விமானத்தில் முளைத்த அரசங்கன்றை ஒருவர் இழுத்துப் பிடுங்கும் காட்சி பார்க்க வீரமாக இருக்கும். ஆனால் வேரோடு சுதையும் செங்கல்லும் பெயர்ந்து வரும். ரீல்ஸில் அதைப் பார்த்த வேறொரு ஊர் இளைஞர்கள் தங்கள் கோயிலிலும் அதையே செய்வார்கள். சரியான முறையில், தெரிந்தவரை வைத்துக்கொண்டு, பொறுமையாகச் செய்வதைக் காட்டு. பார்க்கிறவர் குறைந்தாலும் பரவாயில்லை.

அழைப்பு மட்டும் வேகமாக ஓடினால் என்ன ஆகும் என்பதை நம் ஊரே பார்த்தது. 2019இல் அத்தி வரதர் எழுந்தருளியபோது நீ பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாய். 1979க்குப் பிறகு, 40 ஆண்டு கழித்து, கோயிலின் அனந்தசரஸ் குளத்திலிருந்து பெருமாள் வெளியே வந்தார். ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள். முதலில் சயனக் கோலம், ஆகஸ்ட் பிறந்ததும் நின்ற கோலம். சுமார் ஒரு கோடிப் பேர் வந்ததாகக் கணக்கு. இந்தச் சிறிய ஊருக்கு ஒரு கோடி! 1979இல் செய்தி பத்திரிகை வழியாகவும் வாய்வழியாகவும் பரவியது. 2019இல் ஒவ்வொருவர் கையிலும் போன். தரிசனம் முடித்து வந்தவர் அனுப்பிய படம் மறு நிமிடம் மதுரைக்கும் மலேசியாவுக்கும் போனது. ‘இந்தப் பிறவியில் விட்டால் கிடைக்காது’ என்ற சொல் எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. ஆனால் வரிசை எவ்வளவு நீளம், எந்த வாசல் திறந்திருக்கிறது, முதியவர்கள் எந்த நேரத்தில் வரலாம், தண்ணீர் எங்கே என்ற செய்தி அந்த வேகத்தில் போகவில்லை. ஜூலை 18 அன்று நெரிசலில் நான்கு உயிர்கள் போயின.

அழைப்பு ஓடிய வேகத்தில் எச்சரிக்கையும் ஓடியிருக்க வேண்டும். ‘இன்று மதியம் வராதீர்கள், ஐந்து மணி நேரம் நிற்க வேண்டியிருக்கிறது’ என்று சொல்லத் துணிகிற தொண்டரைத்தான் ஊர் நம்பும். நம் குளத்துப் பணிக்கும் அதுவேதான். ஐம்பது பேர் போதும் என்றால் ஐம்பதோடு நிறுத்து. மழை வந்து பணி தள்ளிப்போனால், அழைத்த எல்லா இடத்திலும் அதே பெரிய எழுத்தில் தள்ளிப்போனதைச் சொல்.

பதிவு எதுவானாலும் தேதியும் நேரமும் அதிலேயே இருக்கட்டும். 2015 டிசம்பரில் சென்னையும் நம் மாவட்டமும் வெள்ளத்தில் மூழ்கியபோது, வாட்ஸ்அப்பும் ட்விட்டரும் வைத்து இளைஞர்கள் செய்த வேலையை நாடே பாராட்டியது. படகு எங்கே, பால் எங்கே, மாடியில் யார் சிக்கியிருக்கிறார் என்று இரவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆனால் ஏற்கெனவே மீட்கப்பட்டவர்களுக்கான பழைய வேண்டுகோள்கள் சுற்றிக்கொண்டே இருந்தன. தேதியில்லாத ஒரு செய்திக்காகப் படகு ஒரு தெருவுக்குப் போனால், உண்மையில் காத்திருக்கும் இன்னொரு தெருவுக்கு அது போகாது. ரத்தம் வேண்டும் என்று நம் குழுவில் யாராவது போட்டால், மருத்துவமனைக்குப் பேசி உறுதி செய்த பிறகு அனுப்பு. கிடைத்ததும் ‘கிடைத்துவிட்டது, நன்றி’ என்று அதே பதிவில் எழுதி மூடு.

தெரியாததை ஒருநாளும் பரப்பாதே. 2018 மே மாதம், நம் பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோயிலுக்குப் போன ஒரு குடும்பத்தைப் பிள்ளை பிடிப்பவர்கள் என்று ஊர் கூடி அடித்தது. ஒரு மூதாட்டி இறந்தார். அதற்கு முன் சில வாரங்களாக அப்படிப்பட்ட பொய்ச் செய்தி போன் போனாகப் பரவியிருந்தது. பரப்பியவர்களில் பலரும் ‘நம் பிள்ளைகள் பத்திரமாக இருக்கட்டும்’ என்ற நல்ல எண்ணத்தில்தான் அனுப்பியிருப்பார்கள். அந்த ஆண்டு ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனமே இந்தியாவில் ஒரு செய்தியை ஐந்து பேர் அல்லது குழுக்களுக்குமேல் ஒரே தடவையில் அனுப்ப முடியாதபடி கட்டுப்பாட்டை அறிவித்தது. நல்ல எண்ணம் இருந்தால் போதாது அம்மா, விசாரிக்கும் பொறுமையும் வேண்டும்.

காவல் இல்லாத கிராமக் கோயில்களுக்கு நாம் போகிறோம். அங்கே பழைய செப்புத் திருமேனியோ தனிச் சிலையோ கண்டால், ஊர்ப் பெயரோடும் லொகேஷனோடும் படம் போடாதே. தொண்டர்களைப் போலவே நம் பதிவை நம்பித் திருடனும் கிளம்பி வருவான். நம் காஞ்சி வட்டாரத்து யோகினிச் சிற்பங்கள் 1920களில் கடல் தாண்டிப் போய், இன்று பாரிஸ், லண்டன், வாஷிங்டன் அருங்காட்சியகங்களில் ஆளுக்கொரு திசையாக இருக்கின்றன. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானிலிருந்து களவுபோன நடராஜரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. 2014இல் அவர் நாடு திரும்பினார். திருட்டை நிரூபிக்க உதவியவை, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் முன்பே எடுத்து வைத்திருந்த பழைய படங்கள். ‘இந்தியா ப்ரைட் ப்ராஜெக்ட்’ என்ற தன்னார்வலர் குழு அப்படிப்பட்ட படங்களை வெளிநாட்டு ஏலப் பட்டியல்களோடு ஒப்பிட்டு, சமூக ஊடகத்தில் ஊரறியச் சொல்லி, பல திருமேனிகள் திரும்பி வர வழி செய்திருக்கிறது. ஆகவே படம் கட்டாயம் எடு. நாலு பக்கமும், உயரம் அளந்து, தேதி குறித்து எடு. ஒரு பிரதி நம்மிடம், ஒன்று அறநிலையத் துறையிடம் இருக்கட்டும். வெளியே போடுவது மட்டும் வேண்டாம்.

பணம் கேட்டுப் பதிவு போட்டால், செலவுக் கணக்கும் அதே இடத்தில் வர வேண்டும். உத்திரமேரூர் நமக்கு எவ்வளவு தூரம்? அங்கே பராந்தக சோழன் காலத்தில், ஏறக்குறைய 1,100 ஆண்டுகளுக்கு முன், ஊர்ச்சபை வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் மறுபடி குடவோலைத் தேர்தலில் நிற்க முடியாது என்று கல்லில் வெட்டி வைத்தார்கள். கூடை எத்தனை, டீ எத்தனை, மண் ஏற்றிய டிராக்டர் வாடகை எவ்வளவு என்று பில்லோடு போடு. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர்கள் அன்போடு அனுப்ப முன்வந்தால் அவசரப்பட்டு வாங்கிவிடாதே. 2010ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் அதைத் தொடக்கூடாது. ஆடிட்டரைக் கேட்டுக்கொள்.

சண்டைக்கு நம் பக்கம் இடம் கொடுக்காதே. வடகலை, தென்கலை வழக்கு இந்த ஊரில் எவ்வளவு பழையது என்று உனக்கே தெரியும். கட்சி, சாதி, சம்பிரதாயம் எதிலும் குழுவின் பெயரில் ஒரு வார்த்தையும் வரக்கூடாது. குறை சொல்கிறவர் சொல்வது சரியென்றால் நன்றி சொல்லித் திருத்து. வசை பாடினால் பதில் வேண்டாம். அன்னதானத்தில் சாப்பிடுகிறவர் முகத்தைப் படமெடுத்துப் போடாதே. பிள்ளைகள் படமென்றால் பெற்றவரைக் கேள்.

இன்னொன்று. நம் தெருவில் தறியில் உட்கார்ந்திருப்பவர் பகலெல்லாம் போன் பார்ப்பதில்லை. அவருக்கும் செய்தி போக வேண்டும். டீக்கடைப் பலகை, நெசவாளர் சங்கத்து வாசல், பாவு போடுகிற இடம் எல்லாவற்றிலும் ஒரு துண்டுத் தாள் ஒட்டு. ஞாயிறு நீயும் குளத்தில் இறங்கு. கோர்வைப் புடவைக்குத் தறியில் இரண்டு பேர் உட்கார வேண்டும். ஒருவர் கை தவறினாலும் உடலும் கரையும் சேராது. எழுதுகிறவரும் சேறு வாருகிறவரும் அப்படிச் சேர்ந்திருந்தால்தான் பதிவில் பொய் கலக்காது.

மாதக் கடைசியில் குழுவுக்கு நீ சொல்ல வேண்டிய கணக்கு: எத்தனை பேர் வந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் மறுபடி வந்தார்கள், வராமல் நின்றவர்கள் ஏன் நின்றார்கள். கடைசிக் கேள்விக்கு விடை தெரிய நீயே போன் போட்டுப் பேச வேண்டும். கூச்சப்படாமல் பேசு. அவர்கள் சொல்லும் குறையில்தான் அடுத்த அழைப்பை எப்படி எழுத வேண்டும் என்பது இருக்கும்.

அடுத்த பணிக்கான அறிவிப்பை எழுதியதும், போடுவதற்கு முன் உன் அம்மாவிடமும் எதிர்வீட்டு அத்தையிடமும் படித்துக் காட்டு. எங்கே, எப்போது, எதைக் கொண்டுவர வேண்டும் என்று அவர்கள் உன்னிடம் திருப்பிக் கேட்காவிட்டால், தைரியமாகப் போடு.

நல்லா இரு, மகளே.

அன்புடன்,
பெரியப்பா